எழுநூறு மீட்டருக்கு மூன்று குறைவு

ஏப்ரல் 8, செவ்வாய்

பேருந்து நிறுத்தத்தில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியில் வாசிப்பதற்கு முன்பே அதை நான் படித்துவிட்டேன். முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை, விரல் வைத்து, இரண்டு தரம். தாரேகோல் ஊரில் ஓர் அரசாங்க அறிவிப்பை எல்லாருக்கும் முன்னால் படித்தவன் நான், தாக் சில்போக், வயது எண்பத்தொன்று. அடியில் சதுரமாக ஒரு சிவப்பு முத்திரை. அதற்குள் இருந்ததைத்தான் படிக்க முடியவில்லை, வளைந்து வளைந்து கிடக்கிறது. முதியோர் எழுத்து வகுப்பில் கேட்க வேண்டும்.

அந்தச் சந்தோஷத்தோடு மேடு ஏறினேன். ஊர்க்கூடத்தின் அருகே வந்தபோதுதான் படித்தது என்னவென்று உறைத்தது. பதினைந்தாம் தேதியிலிருந்து எங்கள் ஊருக்கு நாளுக்கு ஆறு பேருந்து கிடையாது. இரண்டுதான். காலை ஏழு பத்து, மாலை ஐந்து நாற்பது.

அப்படியென்றால் மல்ஜா?

ஏப்ரல் 9, புதன்

மறுபடியும் போய்ப் படித்தேன். அதேதான் எழுதியிருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

நாட்குறிப்பில் யாரைப் பற்றி எழுதினாலும் அவர் யாரென்று எழுதுங்கள் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன்.

மல்ஜா என் மனைவி. அறுபது வருடத்தில் வாயால் ஒரு நாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுத வருகிறது. பிப்ரவரி கடைசியில் அவளுக்கு மூளையில் ரத்தம் அடைத்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

டாக்டர் சொன்னது: "ஆறு மாசம் தாத்தா. கால் திரும்பி வர்றதுன்னா அதுக்குள்ள வரும். அதுக்கப்புறம் வந்தா அதிர்ஷ்டம்."

மாவட்டத் தலைநகரில் அரசுச் சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்குக் கால் பழக்குகிறார்கள். கைவண்டியில் மெத்தை விரித்து, அவளை உட்கார வைத்து, நிறுத்தம் வரை இறக்கிக்கொண்டு போவேன். ஒன்பது இருபதுக்குப் பேருந்து. பன்னிரண்டரைக்குத் திரும்பும் பேருந்து. இனி அந்த இரண்டும் இல்லை.

ஆறு மாதம் என்றால் ஆகஸ்ட் கடைசி. நாட்காட்டியில் ஒவ்வொரு வாரமாக விரல் வைத்தேன். நாட்காட்டியையும் இப்போது படிக்க முடிகிறது. படிக்காமலே இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஊர்த்தலைவரைப் போய்ப் பார்த்தேன். பெயர் குக். அறுபத்தொரு வயது. எங்கள் ஊரில் அவர்தான் இளவட்டம். மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"பக்கத்து ஊருக்கு நூறு வோன் டாக்சி வருதே, நமக்கு ஏன் வரல?" என்று கேட்டேன். பேருந்துக்கு எட்டாத ஊர்களுக்கு மாவட்டமே டாக்சி அனுப்புகிறது. ஏறுகிறவர் நூறு வோன் காசு ஒன்று கொடுத்தால் போதும்.

"நமக்கு வராது பெரியப்பா. விதி இருக்கு. ஊர்க்கூடத்துக்கும் நிறுத்தத்துக்கும் நடுவுல எழுநூறு மீட்டர் இருக்கணும். நமக்கு அறுநூத்திப் பன்னெண்டுதான்."

"முன்னால நிறுத்தம் பாலத்துக்கிட்டத்தானே இருந்துச்சு? அது தூரமாச்சே."

"அதைப் பதினோரு வருஷம் முன்னாடி மனுப் போட்டு வளைவுக்குக் கொண்டாந்தோம். நீங்களும்தான் முத்திரை குத்துனீங்க."

ஆமாம், குத்தினேன். எங்கள் பக்கம் கையெழுத்துக்குப் பதில் அவரவர் பெயர் முத்திரைதான். குத்துங்கள் என்றார்கள், குத்தினேன். அன்று எனக்கு அந்தத் தாள் வெறும் தாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஏழு பத்துக்குப் போனோம். பத்து மணி வரை சுகாதார நிலையத்தின் கூடத்தில் காத்திருந்தோம். பதினொன்றுக்குப் பயிற்சி முடிந்தது. பிறகு மாலை வரை அதே நாற்காலி. மல்ஜா முகக்கவசத்தை ஒரு நொடியும் எடுக்கவில்லை. அதை எடுக்க வேண்டுமே என்று சாப்பிடவும் இல்லை. கழிப்பறைக்கு நான் தாங்கிக்கொண்டு போவதற்குள் நேரம் கடந்துவிட்டது. என் மேல்சட்டையை அவள் இடுப்பில் கட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "இனி போக மாட்டேன் கிழவரே. கால் அங்கயே கெடக்கட்டும்."

ஏப்ரல் 18, வெள்ளி

போகவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று அவளை ஊர்த்தலைவர் தன் வண்டியில் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். மிளகாய் நடவு தொடங்கிவிட்டால் முடியாது என்று முன்னாடியே சொல்லிவிட்டார். அவள் உள்ளே இருந்த ஒரு மணி நேரத்தில் நான் எதிரே மாவட்ட அலுவலகத்துக்குள் போனேன்.

அந்தக் கட்டடத்துக்கு இதற்கு முன் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். கதவெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். யாரிடமாவது கேட்டு, அவர் காட்டிய பக்கம் போவேன். இன்று ஒவ்வொரு கதவும் தன் பெயரைத் தானே சொன்னது. வரிப் பிரிவு. குடிநீர்ப் பிரிவு. கால்நடைப் பிரிவு. முதியோர் நலப் பிரிவு. மாட்டுக்கு ஒரு கதவு, கிழவனுக்கு ஒரு கதவு, இரண்டும் எதிரெதிரே. எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே மூன்றாம் மாடிக்கு ஏறினேன். போக்குவரத்துப் பிரிவு. யாரையும் கேட்காமல் வந்து சேர்ந்துவிட்டேன்.

யோம் என்று ஓர் இளம்பெண் அலுவலர். காப்பி கலந்து கொடுத்தாள். பேருந்துகள் காலியாக ஓடுகின்றன, ஓட்டுநர் கிடைப்பதில்லை, குறைத்ததைத் திரும்பக் கூட்ட முடியாது என்று பொறுமையாகச் சொன்னாள்.

"அப்ப நிறுத்தத்தைப் பழையபடி பாலத்துக்கே தள்ளி வையும்மா" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தாள். "தாத்தா, நிறுத்தத்தைப் பக்கத்துல கொண்டாங்கன்னு வாரத்துக்கு நாலு மனு வருது. தூரமா வைங்கன்னு கேக்கற முதல் ஆள் நீங்கதான்."

"தூரமா வச்சா டாக்சி வரும்ல?"

"வரும். ஆனா ஊர்ல எல்லா வீடும் சம்மதிக்கணும். ஒரு வீடு மாட்டேன்னாலும் நாங்க மனுவை எடுக்க மாட்டோம்."

பதினான்கு வீடு. பதின்மூன்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மகள் இஞ்சோன் நகரத்திலிருந்து பேசினாள். "அப்பா, உங்களால முடியாது. சுசோக் பண்டிகைக்கு வரும்போது பாப்பேன். அம்மா நடக்கலைன்னா என்கூட கூட்டிட்டு வந்து இங்க முதியோர் இல்லத்துல சேத்துடுவேன். வீட்டுக்குப் பக்கத்துலயே நல்ல இடம் ஒண்ணு இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டுதான் சொன்னாள். அவளிடம் என்ன கோபிப்பது?

மல்ஜா கேட்டாள்: "என்ன சொல்றா?"

சாப்பிட்டாயா என்று கேட்டாள் என்றேன்.

மே 3, சனி

ஊர்க்கூட்டம். பார்லித் தண்ணீர், அவித்த கிழங்கு. ஊர்த்தலைவர் விஷயத்தைச் சொன்னார்: நிறுத்தம் பாலத்துக்குத் திரும்பிப் போனால் நூறு வோன் டாக்சி கூடத்து வாசலுக்கே வரும்.

குரியேக்காரி எழுந்தாள். குரியே ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்ததால் அந்தப் பெயர். எழுபத்தொன்பது வயதிலும் ஏழு பத்துப் பேருந்தில் காட்டுக்கீரைக் கூடையோடு சந்தைக்குப் போகிறவள். அவள் புருஷன் பாலத்துக்கும் வளைவுக்கும் நடுவில்தான் பனியில் வழுக்கி விழுந்தான். இடுப்பு முறிந்து எழவே இல்லை. அதற்குப் பிறகு வீடு வீடாக ஏறி முத்திரை வாங்கி நிறுத்தத்தை மேலே கொண்டுவந்தது அவள்தான். டாக்சி காலை ஒன்பதுக்குத்தான் புறப்படும். அவளுக்கு அது எதற்கு?

"நிறுத்தத்தைத் தொட்டா தொலைச்சுப்புடுவேன்" என்றாள். "பனிக்காலத்துல அந்தச் சரிவுல கூடையோட நான் நடக்கறேன், நீங்கள்லாம் டாக்சில கையாட்டிட்டுப் போவீங்களாக்கும்?"

"அக்கா, அவரு வீட்டம்மாவை நெனச்சுப் பாருங்க" என்றார் தலைவர்.

"எல்லாரையும் நெனச்சுட்டுத்தான் பேசறேன். என்னமோ நகத்தியே ஆகணும்னு அரிக்குதுன்னா கூடத்தை நகத்துங்க. தலைவர் வீட்டுக் கோழிக்கூண்டுல கொண்டு போய் வைங்க. எனக்கென்ன."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைகுனிந்தபடி வெளியே வந்துவிட்டேன். அவள் மேல் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் இன்னும் எரிகிறது.

மே 4, ஞாயிறு

அரிசி களைந்துகொண்டிருந்தேன். அப்படியே கை நின்றுவிட்டது.

எங்கிருந்து அளக்கிறார்கள்? கூடத்திலிருந்து.

பாதி களைந்த அரிசியை விட்டுவிட்டு ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனேன். "கூடத்தை நகத்தலாம்" என்றேன்.

சிரித்தார். "கட்டடத்தை எப்படிப் பெரியப்பா நகத்துவீங்க? உருட்டியா?"

"கட்டடம் எதுக்கு? பலகையை நகத்தறேன். என் வீடு கூடத்துக்கும் மேல இருக்கு. பெரிய அறை காலியாக் கெடக்கு. அதுவே கூடமா இருக்கட்டும்."

சிரிப்பு நின்றுவிட்டது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். "கூடத்துக் கூரையும் ரெண்டு வருஷமா ஒழுகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மே 7, புதன்

யோமுக்குத் தொலைபேசியில் சொன்னோம். ரொம்ப நேரம் தாள் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"கூடம் எங்க இருக்கணும்னு விதியில எதுவும் எழுதல" என்றாள் கடைசியில். "ஊர் கூடி முடிவெடுத்து, முதியோர் நலப் பிரிவுல பதிவை மாத்திட்டா, அதுதான் கூடம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இது யாரு யோசனை?" என்றாள்.

"குரியேக்காரி யோசனை" என்றேன். உண்மைதானே.

மே 10, சனி

இரண்டாம் கூட்டம். குரியேக்காரி முறைத்துக்கொண்டே முதல் ஆளாக முத்திரை குத்தினாள். "கோபத்துல சொன்னதை எல்லாம் எடுத்துக்கிட்டா ஊர் உருப்படுமா" என்றாள். நான் பெயரை எழுதினேன். முத்திரையும் வேண்டும் என்றார் தலைவர். எழுதிய பிறகு எதற்கு முத்திரை? சரி என்று அதையும் குத்தினேன். ஆனால் எழுதியதுதான் பெரிதாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மல்ஜாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியது.

"இந்த மூஞ்சிய ஊர் பூரா தெனம் வந்து பாக்கட்டும்னு கூப்பிட்டு வச்சிருக்கீரா?"

கேட்டிருக்கணும். பதின்மூணு வீட்டைக் கேட்டேன், மாவட்ட அலுவலகத்தைக் கேட்டேன். அவளைக் கேக்கல. அது அவ வீடுதானே? என்ன மனுஷன் நான்?

மே 11, ஞாயிறு

பேசவில்லை.

மே 12, திங்கள்

பேசவில்லை. சோறு மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மே 15, வியாழன்

வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், முத்திரையை எல்லாம் திருப்பி வாங்கிவிடுகிறேன் என்றேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "பின்பக்கத்து அறை எனக்கு. அந்தக் கதவை யாரும் தொறக்கக் கூடாது."

மே 20, செவ்வாய்

தாளை ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்தோம். ஊர்த்தலைவரிடமிருந்து ஒன்றியத்துக்கு, ஒன்றியத்திலிருந்து மாவட்டத்துக்கு. மேட்டு வயலிலிருந்து பள்ளத்து வயலுக்குத் தண்ணீர் விடுவது போல. இங்கே மட்டும் கீழிருந்து மேலே ஏற வேண்டும், அதனால்தான் இத்தனை நேரம் ஆகிறது போலிருக்கிறது.

மே 23, வெள்ளி

பதில் இல்லை.

மே 30, வெள்ளி

பதில் இல்லை. தலைவருக்கு மிளகாய் நடவு. இந்த வாரமும் இரண்டு நாளும் போகவில்லை. வீட்டிலேயே நான் அவள் காலை மடக்கி நீட்டிவிடுகிறேன். சரியாகச் செய்கிறேனா? தெரியவில்லை. உரமூட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிகிறது, ஒரு காலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

ஏழு பத்துப் பேருந்தில் நானே மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். பக்கத்தில் குரியேக்காரி. மல்ஜாவை, ஊருக்கு வந்திருந்த குரியேக்காரி மருமகள் பார்த்துக்கொண்டாள்.

முதியோர் நலப் பிரிவு முதல் மாடி. போக்குவரத்துப் பிரிவு அளந்து ஒப்புக்கொண்டால்தான் கூடத்தின் பதிவை மாற்றுவோம் என்றார்கள். மூன்றாம் மாடிக்கு ஏறினேன். கூடம் பதிவானால்தான் அளக்க முடியும் என்றாள் யோம். இறங்கினேன். ஏறினேன். முதல் மாடி மூன்றாம் மாடியைக் காட்டுகிறது, மூன்றாம் மாடி முதல் மாடியைக் காட்டுகிறது.

இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கோபத்தினால் இல்லை, முட்டி வலி. அந்தப் பக்கம் போன ஒருவர், "இங்க ஏன் தாத்தா உக்காந்திருக்கீங்க?" என்றார்.

"தாள் மேல போனாலும் இந்த வழி, கீழ வந்தாலும் இந்த வழி. எப்படியும் என்னைத் தாண்டித்தானே போகணும்."

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் யோம் ஒரு கோப்போடு படியிறங்கி வந்தாள். என் பக்கத்தில் நின்று, "எழுந்திருங்க, ரெண்டு பேருமாப் போவோம்" என்றாள். முதல் மாடியில் பிரிவுத் தலைவர் மேசைமேல் கோப்பை வைத்தாள். அவர் அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். குத்தினார். இரண்டு மாடி, ஒரு நிமிட வழி. இதற்குப் பதினாறு நாள்.

ஜூன் 17, செவ்வாய்

கூடத்துப் பலகை எங்கள் வீட்டுச் சுவருக்கு வந்தது. "தாரேகோல் ஊர்க்கூடம் மற்றும் முதியோர் அறை." நானே ஆணி அடித்தேன். தள்ளி நின்று படித்தேன். என் வீடு எனக்கே கொஞ்சம் வணக்கத்துக்குரியதாகத் தெரிந்தது.

அரிசி மூட்டை, குளிர்பெட்டி, சீட்டுக்கட்டு, பதினொரு கிழவிகள் எல்லாம் வந்து சேர்ந்தன. முன்படி உயரம் என்று திட்டினார்கள். மல்ஜாவின் கதவு சாத்தியே இருந்தது. சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

ஜூன் 19, வியாழன்

குரியேக்காரி சந்தையிலிருந்து நேரே வந்தாள். பின்பக்கமாகச் சுற்றிப் போய் அந்தக் கதவைத் திறந்துவிட்டாள். நான் ஓடிப்போவதற்குள் உள்ளே உட்கார்ந்துவிட்டாள்.

மல்ஜா கையால் வாயை மூடிக்கொண்டாள். "பாக்காத. வாய் கோணிக் கெடக்கு."

"கோணினா என்னடி. நேரா இருந்தப்ப மட்டும் அதுல நல்ல வார்த்தையா வந்துச்சு? முப்பது வருஷம் முன்னாடி என் கோழியக் களவாணின்னு சொன்ன வாய்தானே."

"உன் கோழி களவாணிதான்" என்றாள் மல்ஜா. குளறிக் குளறித்தான். ஆனால் கை வாயிலிருந்து இறங்கிவிட்டது.

கூடையை அவள் மடியில் கவிழ்த்தாள் குரியேக்காரி. "இந்தா, மிச்சக் கீரைய இடது கையால ஆய்ஞ்சு குடு."

ஜூன் 27, வெள்ளி

கிழவிகள் எல்லாரும் இப்போது பின்பக்கமாகத்தான் வருகிறார்கள். முன்னறையில் யாரும் உட்காருவதில்லை. மல்ஜாவைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். அவள் தண்ணீர் கேட்டாலும் யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. "அடுப்படி நாலெட்டுதான், போய் எடுத்துக்க" என்கிறார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, எழுந்து ஓடுகிறேன். "நீங்க வெளிய போங்க" என்று விரட்டுகிறார்கள்.

நான்கு எட்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு. காலை இழுத்துக்கொண்டு.

ஜூலை 4, வெள்ளி

மழை. மழைக்காலம் முடிந்துதான் அளப்பார்களாம். ஆகஸ்ட் கடைசிக்கு இன்னும் எட்டு வாரம்.

ஜூலை 9, புதன்

மழை.

ஜூலை 11, வெள்ளி

மழை. வகுப்பில் ஆசிரியை, "உங்க எழுத்து ஏன் இப்படி ஓடுது?" என்றார். நான் உட்கார்ந்திருந்தாலும் கை உட்காருவதில்லை.

ஜூலை 24, வியாழன்

யோம் வந்தாள். நீளக் கோலின் முனையில் ஒற்றைச் சக்கரம். உருட்டினால் எண் ஓடுகிறது. நிறுத்தத்தில் தொடங்கி வெயிலில் மேடு ஏறினாள். சீட்டை விட்டு எழாத பதினொரு கிழவிகளைத் தவிர ஊரே பின்னால் போனது, பிண ஊர்வலத்துக்குக்கூட இத்தனை பேர் சேர்ந்ததில்லை. பழைய கூடம் வந்தபோது எட்டிப் பார்த்தேன்: அறுநூற்றுப் பன்னிரண்டு.

எங்கள் முன்வாசல் படியில் சக்கரம் முட்டி நின்றது.

அறுநூற்றுத் தொண்ணூற்று ஏழு.

எல்லாரும் குனிந்து எண்ணைப் பார்த்தார்கள். பிறகு ஊர்த்தலைவர் சொன்னார்: "திரும்பப் போய்க் கொஞ்சம் வளைச்சு வளைச்சு உருட்டிட்டு வாயேம்மா. வெயில்ல தள்ளாட்டம் வராதா என்ன?"

"நான் தள்ளாடினா மாவட்டமே தள்ளாடுதுன்னு எழுதிப்புடுவாங்க அங்கிள்." அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. "கூடத்து வாசல் வரைக்கும்னு இருக்கு. வாசல் இதுதானே?"

பலகை அங்கேதான் தொங்குகிறது. நானே அடித்த ஆணி. சுவரின் அந்த மூலையில் அடித்திருக்கக் கூடாதா? மூன்று வாரம் மழையைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, ஒரு கயிறாவது எடுத்து அளந்து பார்த்தேனா?

அப்போது வீட்டின் பின்னாலிருந்து குரல் வந்தது. "வாசல் அது இல்ல."

எல்லாரும் சுற்றிக்கொண்டு ஓடினோம். மல்ஜா பின்கதவில் நின்றுகொண்டிருந்தாள். நிலைக்காலை இடது கையால் பிடித்திருந்தாள். முகத்தில் கவசம் இல்லை. பிப்ரவரிக்குப் பிறகு அந்நிய ஆள் ஒருவருக்கு அவள் முகம் காட்டியது இன்றுதான்.

"இங்க பாரும்மா" என்றாள் யோமிடம், ஒவ்வொரு சொல்லாக இழுத்து. "ஆளுங்க செருப்பு எங்க கழட்டறாங்களோ அதான் வாசல். முன்னாடி ஒரு சோடி கெடக்கா? போய்ப் பாரு."

யோம் பார்த்தாள். முன்படி வெறுமையாகக் கிடந்தது. பின்படியில் மட்டும் பதினொரு சோடி, அதில் ஒன்றில் சந்தைச் சேறு. முன்படிக்கே திரும்பிப் போனாள். சக்கரத்தைத் தூக்காமல், சுவரோரமாகவே உருட்டிக்கொண்டு வந்தாள். மல்ஜாவின் கால்விரலுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"எழுநூத்தி ஆறு" என்றாள். எழுதிக்கொண்டாள். பிறகு அந்தச் செருப்புகளைப் படம் எடுத்தாள். கோப்புக்கு அது வேண்டுமாம்.

மல்ஜா உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே இருந்தாள். நான் பிடிக்கப் போனேன்.

"தொடாதேயும். நிக்கறதை எண்ணிட்டிருக்கேன்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பதில் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கடிதம் வந்தது. என் பெயருக்கு இல்லை, ஊர்த்தலைவர் பெயருக்கு. என்னைத்தான் படிக்கச் சொன்னார். ஒலிபெருக்கியில் படித்தேன். "தாரேகோல் ஊர், பேருந்து வசதி குறைந்த ஊராகச் சேர்க்கப்படுகிறது. டாக்சி ஆகஸ்ட் 19 முதல்." வசதி குறைந்த ஊர் என்று கேட்டு ஊரே கைதட்டியது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

டாக்சி பின்வாசலுக்கு வந்தது. ஒன்பது மணிக்கு ஏறினோம், பன்னிரண்டுக்கு வீட்டில் இருந்தோம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆறு மாதம் முடிந்தது. டாக்டர் பார்த்தார். கை இனி வராது என்றார். சுற்றிவளைக்காமல் சொன்னதற்கு நன்றி சொன்னேன். காலைப் பற்றிக் கேட்டேன். "நிறைய நாள் விட்டுப்போயிடுச்சு. கணக்குப்படி பார்த்தா கஷ்டம். ஆனா இவங்க கணக்குப்படி நடக்கற ஆள் மாதிரி தெரியல" என்றார்.

வரும் வழியெல்லாம் விட்டுப்போன செவ்வாய், வெள்ளிகள்தான் மனசில். மே மாதம் முழுசும், ஜூன், ஜூலை. முதல் மாடி, மூன்றாம் மாடி. அந்தப் பதினாறு நாள் இருந்திருந்தா?

செப்டம்பர் 12, வெள்ளி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. போனோம், வந்தோம்.

அக்டோபர் 10, வெள்ளி

சுசோக்குக்கு வந்த மகள் முந்தாநாள் கிளம்பினாள். தனியாகத்தான். நான்கு நாள் கிழவிகளோடு பின்படியில் உட்கார்ந்து சோங்பியோன் கொழுக்கட்டை பிடித்தாள். இல்லத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று டாக்சி வந்தபோது மல்ஜா என்னை ஏறவிடவில்லை. "நீர் வந்தா என் காலைப் பத்தி நீரே பேசிப்புடறீர். இங்கயே இருந்து பதினோரு பேருக்குச் சோறு வடியும்" என்றாள். சந்தையிலிருந்து திரும்பும்போது குரியேக்காரி அவளோடு டாக்சியில் வந்துவிடுவாளாம்.

சோறு வடித்தேன். வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். பன்னிரண்டு தாண்டியதும் டாக்சிச் சத்தம் கேட்டது. கேட்டது, நின்றது, திரும்பிக் கீழே போய்விட்டது. மேலே வரவே இல்லை.

யாருடைய செருப்பு என்று பார்க்காமல் மாட்டிக்கொண்டு ஓடினேன்.

பழைய கூடத்தின் பக்கத்திலேயே இறங்கியிருக்கிறாள். இடது கையில் கோல். பக்கத்தில் காலிக் கூடையோடு குரியேக்காரி, பிடித்துக்கொள்ளாமல், எதையோ திட்டிக்கொண்டே. மூன்று எட்டு, நிற்பது. மூன்று எட்டு, நிற்பது. வலது கால் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டு வருகிறது.

என்னை அவள் பார்க்கவில்லை. ஓடிவந்து உள்ளே உட்கார்ந்து இந்த நோட்டை எடுத்துக்கொண்டேன். வந்து பார்க்கும்போது நான் சும்மா எழுதிக்கொண்டிருந்ததாக இருக்கட்டும். இன்னும் வரவில்லை. எழுத ஒன்றும் மிச்சம் இல்லை, ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது கோல் ஊன்றும் சத்தம் கேட்கிறது. நிற்கிறது. மறுபடியும் கேட்கிறது.